பளு தூக்க எத்தனை நேரம்?



சென்ற மாதம் ஒரு மாலைப்பொழுதில், பல ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய பள்ளியில் படித்த ஒருவர் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். நலம் உசாவிய பின், “ஐயா, என் மகன் பதினோராம் வகுப்புப் படிக்கிறான். ஜிம்முக்குப் போகத் தொடங்கியிருக்கிறான். ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் பளு தூக்கலாம்? இதை உங்களிடம்தான் கேட்கவேண்டும் என்று தோன்றியது” என்றார்.

சிறிய வினாதான். வேறு எவர் கேட்டிருந்தாலும் உடனே ஏதேனும் ஒரு விடை கூறியிருப்பேன். அவர் கேட்டதனால் எனக்குச் சற்று நேரம் நா எழவில்லை. மறுநாள் அழைப்பதாகச் சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டேன். ஏன் அவ்வாறு ஆயிற்று என்பதையும், மறுநாள் அவருக்கு நான் கூறிய விடையையும் இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

நான் கணிதம் கற்பித்தவன். 1997 ஆம் ஆண்டு, என் நாற்பதாம் வயதில், ஒரு சிற்றூர்ப் பள்ளிக்குத் தலைமையாசிரியனாகச் சென்றேன். புதிதாகப் பொறுப்பேற்றவனுக்குரிய ஆர்வமெல்லாம் என்னிடம் இருந்தது. அதற்குரிய குறைகளும் இருந்தன. பள்ளியின் பின்புறம் ஓடு வேய்ந்த அறை ஒன்று உண்டு. பழைய மாணவர் சிலர் எப்பொழுதோ வாங்கித் தந்த இரும்புத் தண்டு ஒன்றும், பத்துப் பன்னிரண்டு இரும்புத் தட்டுகளும், இரண்டு கரளாக்கட்டைகளும் அதில் கிடந்தன. உடற்பயிற்சி ஆசிரியர் பணியிடம் அவ்வாண்டு காலியாக இருந்தது.

ஒரு நாள் விடியற்காலை நடந்துவரச் சென்றபோது, அந்த அறையில் விளக்கு எரிவதைக் கண்டேன். எட்டிப் பார்த்தேன். பதினோராம் வகுப்பு மாணவன் ஒருவன் தண்டைத் தோளில் ஏந்தி நின்றான். சந்தைப்பேட்டையில் மூட்டை தூக்கும் தொழிலாளி ஒருவரின் மகன் அவன். நாள்தோறும் ஐந்து மணிக்கு வந்து சாவி பெற்றுக்கொள்கிறான் என்றும், எட்டரை மணிக்குத்தான் திருப்பித் தருகிறான் என்றும் காவலாளி சொன்னார். மூன்றரை மணி நேரம்! எனக்கு உடல் சிலிர்த்தது.

அன்று காலை வழிபாட்டுக் கூட்டத்தில் அவனை முன்னே அழைத்து நிறுத்தினேன். “உங்களில் யாருக்கேனும் இந்த விடாமுயற்சி உண்டா? மூன்றரை மணி நேரம் உழைக்கிறான் இவன்” என்று முழங்கினேன். மூன்றரை மணி என்பதை ஒரு முறைக்கு இரு முறையாக அழுத்திச் சொன்னேன். மாணவர்கள் கைதட்டினார்கள். அவன் மட்டும் தலை கவிழ்ந்து நின்றான். அடக்கம் என்று எண்ணிக்கொண்டேன்.

அடுத்த வாரமே அந்த அறைக்கு ஆறேழு பேர் வரத் தொடங்கினர். அவர்களுள் பத்தாம் வகுப்பைச் சேர்ந்த மெலிந்த சிறுவன் ஒருவன். தையற்காரர் மகன். சொன்னதைச் சொன்னபடி செய்கிறவன். ஆசிரியர்கள் மிகவும் விரும்பும் இயல்பு அது. இரண்டு மணி நேரம் என்று மனத்துக்குள் ஒரு கணக்கு வைத்துக்கொண்டு, அந்த இரண்டு மணி நேரமும் நிற்காமல் பஸ்கி எடுத்தான். சில சமயம் வெறும் உடம்போடு, சில சமயம் தோளில் தண்டோடு. எத்தனை நூறு என்று அவனுக்கே தெரியாது. திங்கட்கிழமை அப்படிச் செய்தான். கால் வலித்ததைப் பொருட்படுத்தாமல் செவ்வாய்க்கிழமையும் செய்தான். புதன்கிழமை பள்ளிக்கு வரவில்லை.

வியாழன் முற்பகல் அவன் தந்தை என் அறை வாயிலில் வந்து நின்றார். பையனுக்குத் தொடை இரண்டும் வீங்கிக் கல்லாக இறுகிவிட்டன, நிற்க முடியவில்லை, சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போகிறது என்றார். வண்டி பிடித்து அவனை மருத்துவமனைக்குக் கொண்டு சென்றோம். அங்கிருந்த மருத்துவர் சிறுநீரைப் பார்த்த மாத்திரத்தில் புரிந்துகொண்டார். பழக்கமில்லாத உடம்பு அளவுகடந்து உழைத்தால் தசை இழைகள் சிதைந்து, அவற்றிலுள்ள மயோகுளோபின் என்னும் பொருள் குருதியில் கலந்துவிடும். சிறுநீரகங்கள் அதை வடிகட்ட முயன்று தாமே பழுதடையக்கூடும். நல்ல வேளையாக உரிய நேரத்தில் வந்தோம் என்று கூறி, நரம்பு வழியே நீர் ஏற்றத் தொடங்கினார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, “இந்தப் பிள்ளையை இரண்டு மணி நேரம் செய்யச் சொன்னது யார்?” என்று கேட்டார்.

தந்தை என்னைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். “யாரும் சொல்லவில்லைங்க. அவனாகத்தான் செய்தான்” என்றார்.

நான் வாய் திறக்கவில்லை.

பையன் பதினொரு நாள் மருத்துவமனையில் இருந்து நலமாகத் திரும்பினான். அந்தப் பதினொரு நாளும் நான் நாள் தவறாமல் சென்று பார்த்தேன். ஆனால் அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லவில்லை. சென்ற மாதம் தொலைபேசியில் என்னை அழைத்தவர் அவர்தான்.

இதற்குள் எனக்குள் வேறொரு வினா எழுந்து உறுத்திக்கொண்டிருந்தது. இரண்டு மணி நேரம் செய்தவன் மருத்துவமனையில் கிடக்கிறான். மூன்றரை மணி நேரம் செய்கிறவனுக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை? பழக்கம் ஒரு காரணம் எனலாம். அது மட்டுமே காரணமாக எனக்குத் தோன்றவில்லை. ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்கு உற்றுநோக்கல் குறிப்பேடு என்று ஒன்று உண்டு. பிறர் பாடம் நடத்தும்போது பின்வரிசையில் அமர்ந்து, நிமிடத்துக்கு நிமிடம் வகுப்பில் நடப்பதை எழுதவேண்டும். அன்று சலிப்போடு செய்த வேலை இப்பொழுது கைகொடுத்தது. ஒரு கைக்கடிகாரத்தோடும் குறிப்பேட்டோடும் விடியற்காலையில் அந்த அறைக்குச் சென்று ஒரு மூலையில் அமர்ந்தேன்.

5 மணி 10 நிமிடத்திலிருந்து 8 மணி 30 நிமிடம் வரை, ஆக 200 நிமிடம். அதில் இரும்புத் தண்டு அவன் உடம்பைத் தொட்டிருந்த நேரம் 11 நிமிடம். ஐந்தாறு தடவை தூக்குவான், இறக்கி வைப்பான், விளக்கின் கீழே சென்று அமர்ந்து, ஒரு சாக்குப்பையிலிருந்து புத்தகத்தை எடுப்பான். வேதியியல். கால் மணி நேரம் படித்தபின் எழுந்து மறுபடியும் தூக்குவான்.

அவனை அழைத்துக் கேட்டேன். வீட்டில் ஒரே அறை, ஏழு பேர் என்றான். பள்ளியின் பின்னறையில் விளக்கு இருக்கிறது, ஓசை இல்லை. பளு தூக்க வருகிறேன் என்றால் காவலாளி சாவி தருவார், படிக்க வருகிறேன் என்றால் தருவாரோ மாட்டாரோ என்று எண்ணியிருக்கிறான். “கூட்டத்தில் நான் சொன்னபோதே இதைச் சொல்லியிருக்கலாமே” என்றேன். “எல்லார் முன்னிலையிலும் நீங்கள் சொல்லிவிட்டீர்கள், ஐயா. அதன்பிறகு எப்படிச் சொல்வது?” என்றான்.

ஆக, நான் புகழ்ந்த மூன்றரை மணி நேரம் என்று ஒன்று நடக்கவே இல்லை. நடந்தது 11 நிமிட உழைப்பும், நல்ல ஓய்வும், கொஞ்சம் வேதியியலும். நான் காலத்தைப் பார்த்தேன். அந்தக் காலத்துக்குள் என்ன இருந்தது என்று பார்க்கவில்லை. அந்த எண்ணை மட்டும் கேட்டுக்கொண்டு போன பிள்ளை, அதை முழுக்க உழைப்பால் நிரப்பினான். கணித ஆசிரியன் ஒருவன் அலகு பார்க்காமல் எண்ணைக் கூறியதன் விளைவு அது.

அதன்பின் இத்துறை பற்றிக் கிடைத்தவற்றையெல்லாம் படிக்கத் தொடங்கினேன். இன்றும் படித்து வருகிறேன்.

பளு தூக்குதல், ஓட்டம் போன்றதன்று. ஓட்டத்தில் காலமே உழைப்பு; அரை மணி நேரம் ஓடினான் என்றால் அரை மணி நேரம் அவன் கால்கள் இயங்கின என்பது பொருள். பளு தூக்குவதிலோ உழைப்பு நொடிக்கணக்கு. நம் தென் மாவட்டச் சிற்றூர்களில் இளவட்டக்கல் என்னும் உருண்டைக் கல்லைப் பார்த்திருப்பீர்கள். அதைத் தரையிலிருந்து எடுத்து முழங்காலில் தாங்கி, மார்பில் அணைத்து, தோளில் ஏற்றிப் பின்னால் போடுவதற்கு ஆகும் நேரம் மிகக் குறைவு. ஒலிம்பிக் போட்டியிலும் அப்படியே. இரண்டு வகைத் தூக்கல். வகைக்கு மூன்று முயற்சி. ஆறுக்கு மேல் எவருக்கும் இல்லை. 2000 ஆம் ஆண்டு சிட்னியில் கர்ணம் மல்லேஸ்வரி 110 கிலோவும் 130 கிலோவும் தூக்கி வெண்கலப் பதக்கம் பெற்று, ஒலிம்பிக் பதக்கம் வென்ற முதல் இந்தியப் பெண்மணி ஆனார். 2021 இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் மீராபாய் சானு மொத்தம் 202 கிலோ தூக்கி வெள்ளிப் பதக்கம் பெற்றார். அந்தப் பளு அவர்கள் கைகளில் இருந்த நேரத்தையெல்லாம் கூட்டினாலும் இரண்டொரு நிமிடங்கள்தாம் தேறும்.

“அவர்கள் பயிற்சி நாள் முழுதும் நடக்குமே” என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். நம் வேலூரைச் சேர்ந்த சதீஷ் சிவலிங்கம் 2014 இல் கிளாஸ்கோவிலும் 2018 இல் கோல்டு கோஸ்டிலும் காமன்வெல்த் போட்டியில் தங்கம் வென்றார். அத்தகையோர் பல ஆண்டுகள் படிப்படியாக ஏறி, பயிற்சியாளர் கண்முன்னே, உணவும் உறக்கமும் அளந்து, பயிற்சியையே தொழிலாகக் கொண்டு உழைக்கிறவர்கள். மாலை ஐந்து மணிக்குக் கல்லூரிப் பேருந்திலிருந்து இறங்கி, இரவு வீட்டுப் பாடம் எழுதவேண்டிய உங்களுக்கு அவர்கள் நேரப் பட்டியல் பொருந்தாது.

தசைக்குள்ளே நடப்பதைச் சற்றுக் கூறுகிறேன். கடுமையாகத் தூக்கும்போது முதற் சில நொடிகளுக்கு வேண்டிய ஆற்றலைத் தருவது, தசையில் சிறிதளவே சேமித்து வைக்கப்பட்டிருக்கும் பாஸ்போகிரியேட்டின் என்னும் பொருள். அது விரைவில் தீர்ந்துவிடுகிறது. ஓய்வெடுத்தால் அரை நிமிடத்தில் ஏறத்தாழப் பாதி மீள்கிறது. முழுதும் மீள்வதற்கு மூன்றிலிருந்து ஐந்து நிமிடம் ஆகும். ஆதலால் ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடையே அமர்ந்திருப்பதைச் சோம்பல் என்று கருதுவது தவறு. சுற்று என்று நான் கூறுவது, பளுவைத் தொடர்ந்து எட்டு அல்லது பத்துத் தடவை தூக்கிவிட்டு இறக்கி வைப்பதை; பயிற்சிக் கூடத்தில் இதை ‘செட்’ என்பார்கள். பிராட் ஷோன்ஃபெல்டு என்னும் அமெரிக்க ஆய்வாளரும் அவர் குழுவினரும், பழக்கப்பட்ட இளைஞர் 21 பேரை இரு பிரிவாக்கி எட்டு வாரம் பயிற்றி, அதன் முடிவை 2016 இல் வெளியிட்டனர். ஒரு பிரிவினர் சுற்றுகளுக்கிடையே ஒரு நிமிடமும், மற்றப் பிரிவினர் மூன்று நிமிடமும் ஓய்ந்தனர். மூன்று நிமிடம் ஓய்ந்தவர்களுக்கே வலிமையும் மிகுந்தது, தசையும் மிகுந்தது. என் மாணவன் வேதியியல் படித்த இடைவெளி, அவன் அறியாமலே அவனுக்கு உதவியிருக்கிறது.

உழைப்பின் அளவைப் பற்றியும் ஒரு பழைய செய்தி உண்டு. அதை நான் வகுப்பில் பலமுறை கூறியிருக்கிறேன். இரண்டாம் உலகப் போரின்போது, அமெரிக்காவின் சிக்காகோ நகரில் இருந்த கார்டினர் இராணுவ மருத்துவமனையில் தாமஸ் டிலோர்ம் என்னும் இளம் மருத்துவர் பணியாற்றினார். அடிபட்ட படைவீரர்கள் முழங்கால் அறுவைக்குப் பின் தொடை மெலிந்து மாதக்கணக்கில் படுத்திருந்தனர். டிலோர்ம் தம் இளமையில் நோயுற்றுப் பளு தூக்கியே உடல் தேறியவர். கனமான பளுவை இந்த நோயாளிகளைக் கொண்டு தூக்கச் செய்தார். அக்கால மருத்துவத்தில் அது துணிச்சலான செயல். பத்துப் பத்துத் தடவையாக ஏழு முதல் பத்துச் சுற்று, அதாவது 70 முதல் 100 தடவை. வீரர்கள் விரைந்து தேறினர். 1945 இல் அவர் தம் முறையை எழுதி வெளியிட்டார். இதுவரையில் வியப்பில்லை. மூன்றாண்டு கழித்து, 1948 இல், வாட்கின்ஸ் என்பவரோடு சேர்ந்து மற்றொரு கட்டுரை எழுதினார். தாம் முன்பு கூறிய அளவு மிகை. மூன்று சுற்று, ஏறத்தாழ 30 தடவை போதும் என்று அதில் திருத்தினார். தம்முடைய முறை வெற்றி பெற்றபின், அதில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டாதது என்று தாமே சொல்வதற்கு ஒரு நேர்மை வேண்டும். 1997 இல் இதை நான் படித்தபோது எனக்கு முகம் சுட்டது.

இக்காலத்து ஆய்வும் அந்த வழியேதான் செல்கிறது. ஆனால் ஒரு திருத்தத்தோடு. முன்சொன்ன ஆய்வாளர் குழுவே 2019 இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், பழகிய ஆடவர் 34 பேர் வாரம் மூன்று நாள், எட்டு வாரம் பயின்றனர். ஒவ்வொரு பயிற்சியையும் ஒரு சுற்று மட்டும் செய்தவர்க்கு ஒரு நாளில் ஆன நேரம் ஏறத்தாழ 13 நிமிடம். மூன்று சுற்றுச் செய்தவர்க்கு 40 நிமிடம். ஐந்து சுற்றுச் செய்தவர்க்கு 70 நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. வலிமை மூன்று பிரிவினர்க்கும் ஒத்த அளவே வளர்ந்தது. தசையின் பருமன் மட்டும் மிகுதியாகச் செய்தவர்க்கு மிகுதியாக வளர்ந்தது. இதை நன்றாகக் கவனியுங்கள். வலிமை வேண்டுவோனுக்கு 13 நிமிடமே பெரும்பயன் தரும். பருமன் வேண்டுவோன் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுமேல் இருந்தாலும் வீண் இல்லை. மூன்று மணி நேரம் என்பது இருவருக்குமே தேவைப்படவில்லை.

இதற்கு நேர்மாறான மூடநம்பிக்கை ஒன்றும் பயிற்சிக் கூடங்களில் உலவுகிறது. 45 நிமிடத்தைத் தாண்டினால் உடலிலுள்ள சுரப்புநீர் குறைந்து, வளர்ந்த தசையும் கரைந்துபோகும் என்பார்கள். கடிகாரத்தைப் பார்த்துப் பாதியில் ஓடுகிற இளைஞர்களை நானே கண்டிருக்கிறேன். கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தார் 2010 ஆம் ஆண்டை ஒட்டி நடத்திய ஆய்வுகள், பயிற்சியின்போது சிறிது நேரம் ஏறி இறங்கும் சுரப்புநீர் தசை வளர்ச்சியைத் தீர்மானிப்பதில்லை என்று காட்டிவிட்டன. நாற்பத்தாறாவது நிமிடத்தில் எந்தக் கதவும் மூடிக்கொள்வதில்லை.

அப்படியானால் எத்தனை நேரம்? வாருங்கள், கணக்காகவே போட்டுப் பார்ப்போம். காகிதமும் பென்சிலும் அருகில் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

உடல் முழுவதற்கும் ஐந்து பயிற்சிகள் போதும்: கால்களுக்கு ஒன்று, தள்ளுவது ஒன்று, இழுப்பது ஒன்று, தரையிலிருந்து தூக்குவது ஒன்று, தலைக்குமேல் உயர்த்துவது ஒன்று. பயிற்சிக்கு மூன்று சுற்று என்றால் 15 சுற்று. ஒரு சுற்றுக்கு 40 நொடி என்று வையுங்கள். மொத்த உழைப்பு 10 நிமிடம். 15 சுற்றுக்கு இடையே 14 ஓய்வு. ஓய்வுக்கு இரண்டு நிமிடம் என்றால் 28 நிமிடம். இரண்டும் சேர்ந்து 38. தொடக்கத்தில் கைகால்களை அசைத்து, இலேசான பளுவால் உடம்பைச் சூடேற்ற ஒரு பத்து நிமிடம். தட்டு மாற்றவும் தண்ணீர் குடிக்கவும் ஐந்தாறு நிமிடம். கூட்டினால் 55 நிமிடத்தை ஒட்டி வரும். நம் பள்ளிகளில் ஒரு பாடவேளையைவிடச் சற்று மிகுதி. இரண்டு பாடவேளைக்குக் குறைவு. இதில் இரும்பு கையில் இருப்பது 10 நிமிடம் என்பதை மறவாதீர்கள். அந்தப் பத்து நிமிடம் நன்றாக அமைவதற்காகவே மற்ற 45 நிமிடமும்.

இதுவும் பழகியவனுக்கு. புதியவன் முதல் இரண்டு வாரம் பயிற்சிக்கு ஒரே சுற்று, அதுவும் எளிதாகத் தூக்கக்கூடிய பளுவில் செய்யவேண்டும். 20 நிமிடம், 25 நிமிடத்தில் முடிந்துவிடும். முடிந்ததும் “இவ்வளவுதானா?” என்று தோன்றும். அந்த எண்ணத்தோடே வீட்டுக்குப் போய்விட வேண்டும். என் மாணவன் சிக்கியது அந்த இடத்தில்தான். பழகாத உடம்புக்கு முதல் நாள் தன் வரம்பு தெரியாது. அது மறுநாளும் மூன்றாம் நாளுமே தெரியவரும். தசை தாங்கமுடியாமல் வலித்து, வீங்கி, சிறுநீர் கருத்துப் போனால், வீட்டிலே எண்ணெய் தேய்த்துக்கொண்டு காத்திராமல் அப்பொழுதே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். வெயில் காலத்திலும், தண்ணீர் குடிக்காமலும் பயில்வோர்க்கு இந்தத் துன்பம் எளிதில் நேரும்.

வாரத்தில் எத்தனை நாள் என்றும் கேட்பீர்கள். உலக நலவாழ்வு நிறுவனம் 2020 இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, பெரியவர்களுக்கு வாரத்தில் இரண்டு நாளேனும், 5 முதல் 17 வயது வரையுள்ளோர்க்கு மூன்று நாளேனும் தசையை வலுப்படுத்தும் செயல் வேண்டும். மாணவிகளுக்கும் இதே அளவுதான். அவர்களுக்கு வேறு கணக்கு இல்லை. திங்கள், புதன், வெள்ளி என்று ஒரு நாள் விட்டு ஒரு நாள் வைத்துக்கொண்டால் நன்று. இடைநாளில்தான் தசை தன்னைப் பழுதுபார்த்துக்கொள்கிறது.

மற்றொன்று. இன்று கூடத்தில் இரண்டு மணி நேரம் இருந்தேன் என்பவர்களில் பலர், மாலை நெரிசலில் கருவிக்காகக் காத்திருந்தவர்கள். அல்லது ஒரு சுற்று முடிந்ததும் கைப்பேசியை எடுத்து அதிலேயே மூழ்கியவர்கள். காத்திருப்பதில் தீங்கில்லை. ஆனால் அதை உழைப்பின் கணக்கில் எழுதாதீர்கள். ஆறு மணி நேரம் படித்தேன் என்று சொல்லும் மாணவனிடம் நான் எத்தனை கணக்குப் போட்டாய் என்றே கேட்பது வழக்கம். பயிற்சிக்கும் ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பயிற்சி, எத்தனை கிலோ, எத்தனை தடவை என்று எழுதுங்கள். நேரத்தை எழுதவேண்டாம். சென்ற வாரம் எட்டுத் தடவை தூக்கியதை இந்த வாரம் ஒன்பது தடவை தூக்கினால் நீங்கள் வளர்ந்திருக்கிறீர்கள், அது 30 நிமிடத்தில் நிகழ்ந்திருந்தாலும் சரியே.

நிறுத்தவேண்டிய வேளையையும் கடிகாரம் சொல்லாது; உடம்புதான் சொல்லும். பளு வழக்கத்தைவிட மெல்ல ஏறும். முதுகு தன்னையறியாமல் வளையும். தூக்கும் முறை கலையும். அப்படி ஆனபின் செய்கிற ஒவ்வொரு தடவையும் தவறான முறையைப் பழகும் தடவையே; தவறாகப் போட்ட கணக்கை நூறு முறை எழுதிப் பார்ப்பது போன்றது. அப்பொழுது 20 நிமிடமே ஆகியிருந்தாலும் தண்டை இறக்கி வைத்துவிடுங்கள். இரவு கண்விழித்துப் படித்த மறுநாளும், காய்ச்சல் விட்ட மறுநாளும் இது விரைவில் நேரும்.

அந்த மூட்டைத் தொழிலாளியின் மகனைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேனே. அவனுக்கு நூலக அறையின் சாவி ஒன்று கொடுத்தேன். அதன்பின் படிப்பு அங்கே, பளு இங்கே என்று ஆயிற்று. பளு தூக்கும் நேரம் முக்கால் மணியாகச் சுருங்கியது. மறு ஆண்டு மாவட்டப் போட்டியில் மூன்றாம் இடம் பெற்றான். இப்பொழுது அவர் ஒரு கூட்டுறவு வங்கியில் கணக்கர். இன்னும் தூக்குகிறாரா என்று கேட்டதற்கு, “மகள் தூக்குகிறாள், ஐயா” என்றார்.

நானும் என் அறுபத்திரண்டாம் வயதில், தரையில் அமர்ந்தால் கையூன்றாமல் எழ முடியவில்லை என்ற நிலை வந்தபோது, மருத்துவர் சொற்படி பளு தூக்கத் தொடங்கினேன். செவ்வாயும் வெள்ளியும், நாளைக்கு 35 நிமிடம். கூடத்துப் பிள்ளைகள் எனக்காகத் தட்டு மாற்றித் தருகிறார்கள். இப்பொழுது கையூன்றாமல் எழுகிறேன்.

மறுநாள் நான் தொலைபேசியில் அவரை அழைத்தேன். இப்பொழுது உங்களுக்குச் சொன்ன கணக்கையெல்லாம் சொன்னேன். பையனுக்கு முதல் இரண்டு வாரம் 20 நிமிடம், பிறகு மெல்ல மெல்ல 50 நிமிடம், வாரத்தில் மூன்று நாள் என்றேன். அவர் எழுதிக்கொள்ளும் ஓசை கேட்டது. பிறகு, “அன்று மருத்துவர் கேட்டபோது, சொன்னது நான்தான் என்று சொல்லியிருக்க வேண்டும்” என்றேன்.

சிறிது நேரம் மறுமுனையில் ஓசையில்லை. “அப்பா அன்று இரவே என்னிடம் சொன்னார், ஐயா. பெரிய வாத்தியார் முகம் வெளுத்துப் போய்விட்டது, இனி அதைப் பற்றி அவரிடம் பேசாதே என்றார்” என்று மெல்லச் சொன்னார்.

மகனோடு அவரும் கூடத்துக்குப் போகிறாராம். வாயிற்படியில் அமர்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாராம். கடிகாரத்தைப் பார்க்கவேண்டாம், பையன் முதுகைப் பாருங்கள் என்றேன். சிரித்தார்.

“நீங்கள் உள்ளே போய்ப் பார்த்தீர்களா?” என்று கேட்டேன்.

“இன்னும் இல்லை, ஐயா” என்றார்.